எங்க லயத்துக்கு அட்ரஸ் என்னன்னு கேட்டாங்க

கொட்டாஞ்சேனையில நான் வேலை செய்ற கடையில அன்னைக்கு சரியான கூட்டம். பில் போட்டுகிட்டு இருக்கேன், போன் அடிச்சுகிட்டே இருக்கு. எடுத்தா தம்பி. "அண்ணே, அத்தைய குளவி கொட்டிருச்சு, 7ஆம் நம்பர் மலையில, மூஞ்சி எல்லாம் வீங்குது, நீ அம்புலன்ஸுக்கு சொல்லு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு கட் பண்ணிட்டான்.

அத்தை கிடக்கிறது மஸ்கெலியா பக்கம் தேயிலை தோட்டத்து மலையில, அம்புலன்ஸ் வர வேண்டியதும் அங்க, ஆனா அதுக்கு போன் பண்ண வேண்டியது 100 கிலோமீட்டருக்கு அங்கால கொழும்புல நிக்கிற நான். ஏன்னு கேட்டா "நீ தானே பேச தெரிஞ்சவன்"னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல மட்டும் இல்ல, லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடுங்கள்ல, பாதி வீட்டுல இதான் கதை. அம்மாவோட பிரஷர் கிளினிக்ல போன் நம்பர் கேட்டப்ப கூட என் நம்பர தான் குடுத்திருக்காங்க, திகதி மாறினா மெசேஜ் எனக்கு தான் வருது, நான் அம்மாவுக்கு எடுத்து சொல்லணும், அம்மா அந்த நேரம் தேயிலை கொழுந்து எடுத்துகிட்டு இருப்பாங்க, மலையில சிக்னல் இருக்காது.

சரி, 1990ன்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சேன். இந்த சேவைய தெரியாதவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்கன்றதால சொல்றேன், சுவசெரிய, காசு ஒரு சதம் கிடையாது, 2016ல மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் இந்தியா உதவியோட ஆரம்பிச்சு பிறகு நாடு முழுக்க வந்துச்சு. உடனே எடுத்தாங்க, தமிழ்லயே பேசினாங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. "எங்க வரணும், அட்ரஸ் சொல்லுங்க"ன்னாங்க.

அங்க தான் மாட்டிகிட்டேன்.

தோட்டத்து பேர சொன்னேன். எந்த டிவிஷன்? மேல் டிவிஷன். மெயின் ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம்? பொறந்து வளந்த இடம், கண்ண கட்டி விட்டாலும் வீட்டுக்கு போயிருவேன், ஆனா எத்தனை கிலோமீட்டர்னு யாரு அளந்தா? பக்கத்துல என்ன இருக்கு? மாரியம்மன் கோயில். சொல்லும்போதே எனக்கு வெக்கமா போச்சு, மாரியம்மன் கோயில் இல்லாத டிவிஷன் ஒன்னு காட்டுங்க பார்ப்போம். "பணிய லயத்துக்கு, கீழ இருக்கிற லயத்துக்கு, திரும்புற முடக்குல ஒரு பெரிய சவுக்கு மரம் இருக்கு"ன்னு வேற சொல்லி வெச்சேன், மலைநாடு பூரா சவுக்கு மரம் தானே! அந்த அக்கா பாவம், பொறுமையா கேட்டுகிட்டே இருந்தாங்க.

கடைசில காப்பாத்தினது கொழுந்து லொறி. கொழுந்து ஏத்த வந்த லொறியில அத்தைய தூக்கி போட்டு, சாக்குக்கு மேல படுக்க வெச்சு மெயின் ரோட்டு சந்திக்கு இறக்கிட்டாங்க, அம்புலன்ஸ் அங்க வந்து ஏத்திகிட்டு போச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு 2 நாள் வார்ட்ல வெச்சிருந்து அனுப்பினாங்க. இப்ப அத்தை நல்லா இருக்காங்க, "எனக்கு ஒன்னும் இல்ல சாமி, நீங்க எல்லாம் சும்மா பயந்துட்டீங்க"ன்னு என்கிட்டயே சொல்றாங்க.

சும்மா பயப்படல. குளவி கொட்டுன்னா நிறைய பேர் வலியும் வீக்கமும் மட்டும்னு நினைக்கிறாங்க. சில ஆளுங்களுக்கு உடம்பு அந்த விஷத்துக்கு அளவுக்கு மீறி எதிர்ப்பு காட்டும், உதடு, நாக்கு, தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும், பிரஷர் திடீர்னு இறங்கி மயக்கம் வரும். அதுக்கு அட்ரினலின் ஊசி தான் முதல் மருந்து, தொடையில சதையில போடுவாங்க, அதுவும் நிமிஷ கணக்குல போடணும். ஒவ்வாமை இல்லாத ஆளா இருந்தாலும் கூட்டமா வந்து நிறைய கொட்டினா அதுவே ஆபத்து தான். இன்னொன்னு, நாங்க குளவின்னு சொல்றதுல பாதி உண்மையில பெரிய மலைத்தேனீ, அது கொட்டினா கொடுக்கு தோல்லயே நின்னுரும், விஷம் இறங்கிகிட்டே இருக்கும், அதனால நகத்தாலயோ எதாலயோ சீக்கிரம் எடுத்து விட்டுரணும்.

அன்னைக்கு ராத்திரி எங்க தோட்டத்து வட்ஸ்அப் குரூப்புல ஒரு வொய்ஸ் வந்துச்சு. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் கலந்து தடவினா விஷம் இறங்கிரும், ஆஸ்பத்திரிக்கு போனா சும்மா ஊசி போட்டு காச கறப்பாங்கன்னு. அத்தை போனது கவர்மென்ட் ஆஸ்பத்திரி, அங்க எந்த காசு? ஆனா அந்த வொய்ஸுக்கு கீழ 14 கும்பிடு. அத்தை மயங்கி கிடந்தப்ப கூட யாரோ ஒருத்தர் வெத்தலை பையில இருந்து சுண்ணாம்பு எடுத்து தடவியிருக்காங்க, லொறியில ஏத்துறதுக்கு முன்னாடி அதுக்கு 5 நிமிஷம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு குரூப்ல எதையாவது எழுதியிருப்பேன், ஆனா தடவினது யாருன்னு விசாரிச்சா என் அம்மா. என்னத்த சொல்றது.

சரி, அட்ரஸ் விஷயத்துக்கு வாறேன், ஏன்னா அது தான் மண்டையில குடைஞ்சுகிட்டே இருந்துச்சு. ஊர் உலகத்துல எல்லாரும் டிஜிட்டல் ஆஸ்பத்திரி, ஒன்லைன் சேனலிங், போன்ல டொக்டர்னு பேசுறாங்க, நல்லது தான், வரட்டும். ஆனா எதை திறந்தாலும் முதல்ல கேக்கிறது பேரும் அட்ரஸும். எங்களுக்கு அட்ரஸ்னா தோட்டத்து பேரும் டிவிஷனும், முடிஞ்சு. 200 குடும்பத்துக்கு ஒரே அட்ரஸ். லயத்துக்கு நம்பர் இருக்கு, அது தோட்டத்து ஆபீஸ் கணக்குக்கு. கடுதாசி வந்தா ஆபீஸுக்கு தான் வரும், அங்க இருந்து எங்க கைக்கு வாறதுக்குள்ள நேர்முகப் பரீட்சையே முடிஞ்சு போன கதை எங்க சித்தப்பா மகனுக்கு நடந்திருக்கு. இதுல ஒரே டிவிஷன்ல 4 முத்துலெட்சுமி, 3 ராமாயி இருந்தா கிளினிக் கொப்பி மாறாம என்ன செய்யும்?

ரோடும் அப்படி தான். 1987 பிரதேச சபை சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒன்னு, அத காட்டியே தோட்டத்துக்குள்ள பிரதேச சபை சேவை செய்றதுக்கு தடை சொல்லிகிட்டு இருந்தாங்க. திருத்தினது 2018ல தான். 30 வருஷம்! ரோடு யாருதுன்னே தெரியாம இருந்த இடத்துக்கு வீட்டு நம்பர் யாரு வெப்பாங்க?

போன தீபாவளி லீவுக்கு போனப்ப தம்பியும் அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் நானும் ஒரு வேலை பார்த்தோம். பெரிய வேலை ஒன்னும் இல்ல. போன்ல கூகுள் மேப்ஸ திறந்து நிக்கிற இடத்துல விரல அமுக்கி பிடிச்சா ஒரு சிவப்பு குறி விழும், ரெண்டு நம்பர் காட்டும். எங்க பக்கம்னா முதல் நம்பர் 6.8ல தொடங்கும், ரெண்டாவது 80.5ல. புள்ளிக்கு பிறகு 4 இலக்கம் சொன்னாலே கிட்டத்தட்ட 11 மீட்டருக்குள்ள இடத்த பிடிச்சிரலாம், ஒரு லயத்த கண்டுபிடிக்க அது தாராளம். இதுல எனக்கே தெரியாத விஷயம் என்னன்னா போன்ல இடத்த காட்டுற ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டாவும் வேணாம் சிக்னலும் வேணாம், அது நேரா சட்டலைட்ல இருந்து எடுக்குது. நம்பர அடுத்தவனுக்கு சொல்றதுக்கு மட்டும் தான் சிக்னல் வேணும். நாங்க இவ்வளவு நாளா சிக்னல் இல்ல சிக்னல் இல்லன்னு புலம்பிகிட்டு இருந்தோம்.

முதல் நாள் இஸ்தோப்புல, வீட்டு முன் தாழ்வாரத்துல, நின்னு எடுத்தோம், தகரத்துக்கு கீழ நம்பர் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது, ஒரு லயம் ஆத்துக்குள்ள போய் நிக்குது. அதுக்கு பிறகு வாசல்ல இறங்கி வானம் தெரியிற இடமா பார்த்து நின்னு, ஒரு நிமிஷம் பொறுத்து எடுத்தோம். எல்லா லயத்துக்கும், சின்ன பிள்ளைங்கள பார்த்துக்கிற பிள்ளைக்காம்பராவுக்கும், கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும், 7ஆம் நம்பர் மலை ஏறுற வழிக்கும். அடுத்த நாள் மழை, வேலை நின்னு போச்சு, வேற என்ன.

நம்பர ஒரு பேப்பர்ல பெருசா எழுதி, அதுக்கு கீழ மெயின் ரோட்டு சந்தியில இருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனாவது முடக்குல திரும்பணும், வேன் வருமா லொறி மட்டும் தான் வருமான்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி, பொலித்தீன் சுத்தி வீட்டுக்கு ஒன்னு குடுத்தோம். மேல 1990. அத்தை அத சாமி படத்துக்கு பின்னால சொருகி வெச்சிட்டாங்க, "பத்திரமா இருக்கட்டும்"னு. அத்தை, அவசரத்துக்கு எடுக்கிறதுக்கு தானே குடுத்தோம்னு சொல்லி கதவுல ஒட்ட வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

இன்னும் யாரும் அந்த பேப்பர பார்த்து அம்புலன்ஸ் கூப்பிடல. ஆனா போன வாரம் தம்பி சொன்னான், பக்கத்து காம்பரா அக்கா பேஸ்புக்ல ஒரு ரைஸ் குக்கர் ஓடர் பண்ணி, டெலிவரி பையனுக்கு கதவ பார்த்து அந்த நம்பர அப்படியே வாசிச்சு காட்டியிருக்காங்க, அவன் பைக்க நேரா லயத்து வாசல்ல கொண்டு வந்து நிப்பாட்டினானாம். லயத்து சனம் பூரா வெளிய வந்து பார்த்துச்சாம்.