மைனஸ் 15-ஐவிட மைனஸ் 1 மோசம்: நண்பர்களும் நாயுமாகப் பனியில் ஒரு வாரக்கடைசி

பனிக்காட்டில் ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்தாயிற்று. நாலைந்து நண்பர்கள், ஒரு நாய், வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புவதாகத் திட்டம். அடுத்து எல்லோரும் பார்ப்பது வானிலையைத்தான். மைனஸ் 15 என்று போட்டிருந்தால் முகம் சுருங்கும். மைனஸ் 1 என்றால் ‘பரவாயில்லை, இதமா இருக்கும்’ என்று கிளம்பிவிடுவார்கள். இது தலைகீழ்க் கணக்கு. மைனஸ் 15-ல் பனி மாவு மாதிரி உதிரும், தட்டினால் போய்விடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் உடம்புச் சூடு பட்டதுமே அது தண்ணீராகிவிடும். கையுறைக்குள் இறங்கும், பூட்ஸில் ஊறும், நாயின் வயிற்று முடியில் உருண்டை கட்டும். சாலையும் அப்படியே: இறுகிக் காய்ந்த பனிக்கட்டியைவிட, மேலே மெல்லிய நீர்ப்படலம் படிந்த பனிக்கட்டியில்தான் டயர் அதிகம் வழுக்கும். ஆகவே மூட்டை கட்டும்போது குளிருக்கு எவ்வளவு யோசிக்கிறோமோ, அதே அளவு ஈரத்துக்கும் யோசிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ். ஜீன்ஸும் பருத்தி பனியனும் பையிலேயே இருக்கட்டும். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

காரைப் பற்றிச் சுருக்கமாக. குளிர்கால டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதை நம்ப வேண்டாம். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழேயே விறைக்க ஆரம்பித்துவிடும். பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றிக் கட்டும் செயினை மாட்டுவது எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில். மாட்டிக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். அதன்பின் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இருட்டில், உறைந்த விரல்களோடு முதல் முறையாகச் செயினைப் பிரித்துப் பார்ப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வழியில் பனியில் சிக்கி நின்றால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிட வேண்டும். குழாய் அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு காருக்குள்ளேதான் வரும்.

போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் வேலை அதிகம். நாயை உடனே அவிழ்த்து உள்ளே விடக் கூடாது. ஒருவர் முன்னால் போய்த் தரையோடு தரையாகப் பார்த்துவர வேண்டும்: சமையலறை மூலையில் எலி மருந்து, அலமாரி அடியில் எலிப்பொறி, கார் நிறுத்துமிடத்தில் ஒழுகிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்). கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கிவிடும், சில மடக்கே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதும். பலர் கோட்டைவிடுவது கழிப்பறையை. குளிர்காலத்துக்காகப் பூட்டிவைத்த வீடுகளில், தண்ணீர் உறைந்து வெடிக்காதிருக்கக் கோப்பையில் உறைவுத்தடுப்பு திரவத்தை ஊற்றி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது விஷம் குறைந்த வகை என்றாலும், ஊற்றியவர் எதை ஊற்றினார் என்று நமக்கென்ன தெரியும்? மூடியைச் சாத்திவிட்டு நாயை அழைத்து வாருங்கள்.

அடுத்தது விறகடுப்பு. வாரக்கணக்கில் எரியாத அடுப்பின் புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனத்து, தக்கை மாதிரி உட்கார்ந்திருக்கும். நேரடியாகத் தீ மூட்டினால் புகை மேலே போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பும். டேம்பரை, அதாவது புகைவழியை அடைக்கும் தகட்டை, முழுக்கத் திறந்து, பக்கத்து ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து, செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகைபோக்கி வாயருகே ஒன்றிரண்டு நிமிடம் பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபடும்போது ‘ஹூம்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

தீயை மேலிருந்து கீழே எரியவிடுவதே நல்லது. அடியில் இரண்டு மூன்று பிளந்த கட்டைகள், மேலே கட்டைவிரல் தடிமனில் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக, அதற்கு மேல் ஒரு கைப்பிடி சுள்ளி, உச்சியில் பற்றவைக்கும் கட்டி. புகை சுடரைக் கடந்துதான் மேலே போக வேண்டும் என்பதால் அதுவும் எரிந்துவிடும், அடுப்புக் கதவின் கண்ணாடியும் கரிபிடிக்காது. முதல் 15, 20 நிமிடம் காற்றுத்துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். குளிர்ந்த புகை குழாயின் உட்சுவரில் கிரியோசோட் என்ற கரும்பிசினாகப் படியும். அது தீப்பிடித்தால் புகைபோக்கியே உலை மாதிரி இரையும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்புகள் ஓடியிருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஈரமானவை மொத்தென்று கேட்கும், எரியும்போது முனையில் நுரை தள்ளிச் சீறும். ஈரம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் விறகு அறைச் சூட்டுக்கு வந்தபின், புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். உறைந்த விறகில் அது குறைத்தே காட்டும்.

தண்ணீர்க் குழாயைத் திறக்க அவசரம் வேண்டாம். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். எங்காவது குழாய் பிளந்திருந்தால் உள்ளே உறைந்த நீர் உருகிய பிறகுதான் தெரியும். அறை சூடேறியதும் பிரதான வால்வைக் கொஞ்சமாக மட்டும் திறந்து, எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சுவருக்குள் ‘உஸ்’ என்று கேட்டால் உடனே மூடிவிடலாம்.

சனிக்கிழமை நடை. வாசலைத் தாண்டும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வீட்டுக்குள்ளேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் அந்த வியர்வையே நடுக்கும். முழங்கால் ஆழப் பனியில் வழக்கமான வேகத்தில் பாதிகூட வராது. முன்னால் போகிறவர்தான் தடம் போடுகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், நாய் அந்தத் தடத்திலேயே பின்னால் வரட்டும். ஆழத்தில் அது முயல் மாதிரி தாவித் தாவிப் போவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பனிக்குப் பழகாத நாய்க்கு முதல் நாள் அரை மணி நேரம் போதும். ஏரி பக்கம் போனால் நாய் கயிற்றிலேயே இருக்கட்டும். ஆள் நடக்கத் தெளிந்த, திடமான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனாவது வேண்டும். வெள்ளை படிந்ததென்றால் அதன் இரட்டிப்பு.

பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாய் நின்று ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாலோ, உட்கார்ந்து விரலிடுக்கைக் கடித்தாலோ, அங்கே பனி கட்டிவிட்டது. காலைத் திருப்பி விரல்களை விரித்துப் பாருங்கள். முடியைச் சுற்றிக் கோலிக்குண்டு அளவில் கெட்டியாக இருக்கும். பிடித்து இழுத்தால் முடியோடு வரும், நாய் அலறும், அடுத்த தடவை காலையே தராது. உள்ளங்கைக்குள் அரை நிமிடம் பொத்திவைத்தால் உருண்டை இளகித் தானே வழுகும். வீட்டில் என்றால் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை முக்கியெடுத்து, இடுக்கு வரை துடைக்க வேண்டும். பாதையில் தூவிய உப்பும் அதோடு போகும். இல்லையென்றால் நாய் அதை நக்கித் தின்றுவிடும். கிளம்பும் முன்பே பாத மெத்தைகளுக்கு இடையில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைக் கத்தரித்து, பாதமெழுகு பூசியிருந்தால் பாதித் தொல்லை கிடையாது. காலுறை போடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்குங்கள். பட்டையை மிக இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, காப்பாற்ற வேண்டிய காலே மரத்துப்போகும்.

நடுக்கம் என்றால் திரும்ப வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து தள்ளாடினால், சூடு வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. துண்டால் ஒற்றி உலர்த்தி, கம்பளியில் சுற்றி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்த எண் என்பதை வெள்ளிக்கிழமையே குறித்துவைத்திருக்க வேண்டும். காது நுனி வெளுத்திருந்தால் தேய்க்க வேண்டாம். மனிதர்களுக்கும் அதேதான்.

இரவில் ஈரமெல்லாம் அடுப்பைச் சுற்றிக் கூடும். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி, செய்தித்தாளைத் திணித்து, அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். நெருங்கினால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். படுக்கும் முன் காற்றுத்துளையை அடைத்துத் தீயைப் புகையவிட்டால் விடியும்வரை கனல் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிரியோசோட் படிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் கத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கணைக்க வேண்டும். நாய்க்கு விஷமான சாக்லெட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் எதுவும் தாழ்வான மேசையில் இருக்கக் கூடாது. பகலெல்லாம் ஓடிய நாய் அசந்து தூங்குவதாகத்தான் தெரியும், எல்லோரும் படுத்த பிறகு எழுந்துகொள்ளும்.

ஞாயிறு காலை சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டை விட்டுத் தள்ளி வெறும் தரையில் வையுங்கள். ஆறியது போலிருக்கும் சாம்பலுக்குள் கனல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மரத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வெயில் ஏறிப் பனி இளகும் நேரத்தில் தகரக் கூரையின் ஓரத்தில் நிற்கவோ, நாயைக் கட்டவோ கூடாது. மொத்தமும் ஒரே சறுக்கில் இறங்கும். குழாயை வடித்து, வால்வை மூடி, கழிப்பறையை வீட்டுக்காரர் சொன்னபடி விட்டுவிடுங்கள்.

கார்க் கூரையில் உள்ள பனியை முழுக்க வாரித் தள்ளிய பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்பினால், பத்து நிமிடத்தில் உள்ளே ஹீட்டர் சூட்டில் கூரைப்பனியின் அடிப்பக்கம் இளகும். முதல் பிரேக்கில் அத்தனையும் முன்கண்ணாடியில் வந்து விழும்.