யார் பெயரில் எழுதுவது?

விலங்கு மருந்தகத்தின் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் மருத்துவர் இல்லை என்பது வருகிற எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். நாய் ஏன் புல் தின்கிறது என்பதில் தொடங்கி, அடுத்த வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் அதிகாரி எப்போது வந்து கதவைத் தட்டுவார் என்பது வரை. எங்கள் மருந்தகம் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், காப்பிக்கடைக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வீவக, அதாவது சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். தமிழர்களாக இருந்தால் என் முகத்தைப் பார்த்ததும் குரல் தானாக ஒரு படி இறங்கி ரகசியமாகிவிடும்.

உரிமத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டை. “என் வீட்டில் என் சோற்றைத் தின்கிற நாய்க்கு நான் ஏன் அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும்?” என்று ஒரு பெரியவர் ஆண்டு தவறாமல் கேட்பார். அவர் வளர்ப்பது ஆண் ஷிட்சு. கருத்தடை செய்யவில்லை. செய்த நாய் என்றால் ஆண்டுக்கு 15 வெள்ளி. வேண்டுமானால் 35 வெள்ளி கட்டி ஆயுளுக்கும் ஒரே உரிமமாக வாங்கிவிடலாம். செய்யாத நாய்க்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. “கடவுள் கொடுத்ததை வெட்டி எறிவது பாவம் இல்லையாம்மா?” என்பார். பாவ புண்ணியக் கணக்கு என் வேலையில் சேராது. கட்டணத்தில் இவ்வளவு இடைவெளி ஏன் என்பதை மட்டும் சொல்வேன்: யாருக்கும் வேண்டாத குட்டிகள் பிறந்து தெருவுக்கு வருவதைத் தடுக்க அரசாங்கம் கையில் வைத்திருக்கும் மென்மையான கோல் அது. அவர் கேட்டுக்கொள்வார். அடுத்த ஆண்டும் 90 வெள்ளியையே கட்டுவார். அவர் உரிமை.

ஆனால் “எதற்கு?” என்ற அவருடைய முதல் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. 1953ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. சுற்றிலும் உள்ள பல நாடுகளில் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட சித்தப்பாவோ அத்தையோ எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். அந்த நோய் ஒருநாள் கப்பலிலோ படகிலோ ஏறி இங்கே வந்துவிட்டால், எந்த நாய் எந்த வீட்டில் இருக்கிறது என்பது உடனே தெரிய வேண்டும். அதனால்தான் நாய்க்கு மூன்று மாதம் ஆனதும் உரிமமும் உடம்பில் மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமமில்லாமல் வளர்த்துப் பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். இதை வரி என்று நினைப்பவர்களுக்குக் கசக்கும். நான் இதை முகவரிப் பதிவு என்றுதான் பார்க்கிறேன்.

பூனைக்காரர்களின் கதை வேறு. வீவக வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்ற தடை 1989 முதல் 35 ஆண்டுகள் இருந்தது. அதனால் பூனை இல்லாமல் போய்விடவில்லை. சன்னல் திரைக்குப் பின்னால், விருந்தாளி வந்தால் பூட்டிவைக்கும் அறையில், பூனைகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. எங்களிடம் அவற்றைக் கொண்டுவருபவர்களுக்கென்று ஒரு நடை உண்டு. சந்தைப் பையில் துண்டைப் போர்த்தி, கடை மூடப்போகும் நேரமாகப் பார்த்து வருவார்கள். முகவரி கேட்டால் தங்கை வீட்டு முகவரியைச் சொல்வார்கள். அந்தத் தங்கை இந்தத் தடை இல்லாத தனியார் தரைவீட்டில் இருப்பார். நாங்களும் சொன்னதை எழுதிக்கொள்வோம். நோயாளி பூனைதானே, முகவரி அல்லவே.

2024 செப்டம்பர் 1ஆம் தேதி தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். முதன்முறை உரிமம் எடுப்பவர் இணையத்தில் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். பழகிக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்து, அதற்குள் பதிபவர்களின் கருத்தடை செய்த பூனைக்கு ஆயுள் உரிமத்தை இலவசமாகவும் தந்தார்கள். மக்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முதலில் வந்தது சந்தேகம்தான். “இப்போது பெயர் எழுதிக்கொண்டு, நாளைக்குச் சட்டம் மாறினால் வந்து பிடித்துப் போய்விடுவார்களோ?” மூன்று பூனை வைத்திருந்த ஓர் அக்கா, இரண்டை மட்டும் பதிந்துவிட்டு மூன்றாவதை என்ன செய்வது என்று கண் கலங்கிவிட்டார். அவகாசத்துக்குள் விண்ணப்பித்தால் ஏற்கெனவே இருக்கும் கூடுதல் பூனைகளையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று காட்டிய பிறகும், அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒளித்துப் பழகியவர்களிடம் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வா என்றால் கண் கூசத்தான் செய்யும். இந்தத் தயக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன்: சன்னலுக்கு வலை. பத்தாவது மாடியிலிருந்து விழுந்த பூனையைத் துணியில் சுற்றிக் கொண்டுவரும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கறார் என்பது புரியும். பூனை விழாது, பூனைக்குத் தெரியும் என்பார்கள். பறவையைக் கண்டுவிட்டால் அதற்கு எந்த மாடி என்பது நினைவில் இருப்பதில்லை.

நாய்களின் இனம் பற்றிய சட்டத்தை நம்மவர்களுக்குப் புரியவைப்பது கடினம். ஊரில் நாய்க்கு இடம் திண்ணையும் வாசலும்; வீட்டுக்குள், அதுவும் சாமி அறைப் பக்கம், அதற்கு வேலையில்லை. வீவக வீட்டில் வாசல் என்பது பொது நடைபாதை. அங்கே கட்டிப்போட்டால் மின்தூக்கிக்குப் போகிற குழந்தை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரே நாய், அதுவும் 62 சிறிய இனங்கள் கொண்ட பட்டியலில் இருந்து. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். ராஜபாளையம் வளர்த்த தாத்தாவின் பேரனுக்கு இந்தப் பட்டியல் எரிச்சலூட்டும். 2012இல் வந்த ‘அடோர்’ திட்டம் கொஞ்சம் கதவைத் திறந்தது. அதன் வழியாக, சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று செல்லமாக அழைக்கப்படும் நம்மூர்க் கலப்பின நாய்களையும் நிபந்தனைகளோடு அடுக்குமாடியில் தத்தெடுக்கலாம். பட்டியலில் இருக்கும் சில குட்டி நாய்களைவிட இவை அமைதியானவை என்பது என் முகப்பு மேசை அனுபவம். எங்கள் காத்திருப்பு அறையில் ஓயாமல் குரைப்பது எப்போதும் கைப்பையில் அடங்குகிற அளவுள்ளதுதான்.

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கலாமா என்றும் சில பாட்டிமார் என்னிடமே கேட்கிறார்கள். வனவிலங்குச் சட்டப்படி கூடாது, பாட்டி. இதைச் சொல்லும்போது ஏதோ நானே முன்னோர்களை அவமதித்துவிட்டதுபோல் பார்ப்பார்கள்.

மைக்ரோசிப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தவறான நம்பிக்கை இதில்தான் அதிகம். அரிசி மணி அளவிலான அந்தச் சில்லில் மின்கலம் கிடையாது. நாய் எங்கே ஓடுகிறது என்று கைத்தொலைபேசியில் பார்க்க முடியாது. வருடியை அருகில் கொண்டுபோனால் ஓர் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண் யாருடையது என்பது பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் இருக்கிறது. 2019இல் பொறுப்பு கைமாறிய பிறகும் பெரியவர்கள் இன்னும் பழக்கத்தில், முன்பு பொறுப்பில் இருந்த அமைப்பின் பெயரான ‘ஏவிஏ’ என்றுதான் சொல்கிறார்கள்.

வழிதவறிய நாயை யாராவது தூக்கிக்கொண்டு வரும்போது இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பது தெரியும். வருடி ‘பீப்’ என்கிறது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. பதிவில் இருக்கும் எண்ணை அழைத்தால் அது பயன்பாட்டிலேயே இல்லை; நல்ல சலுகை கிடைத்தது என்று உரிமையாளர் எப்போதோ எண்ணை மாற்றியிருப்பார். அல்லது எண் சரியாக இருக்கும், ஆனால் எடுப்பவர் சென்னைக்கே திரும்பிப் போனவராக இருப்பார். வேலை முடிந்து புறப்படும்போது நாயை நண்பரிடம் கொடுத்திருப்பார்; அந்த நண்பர் இன்னொரு நண்பரிடம் கொடுத்திருப்பார். உரிமம் மட்டும் முதல் ஆளின் பெயரிலேயே நிற்கும். விலங்கைக் கைவிடுவது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு என்பதை அவர்களும் அறிந்திருப்பார்கள். அவர்கள் கைவிடவில்லை, நல்ல கையில்தான் கொடுத்தார்கள். அந்தக் கை எது என்பதைத் தாளில் மாற்றி எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கெட்டவர்களால் தொலையும் நாய்களைவிட, இப்படி நல்லவர்கள் இருவருக்கு இடையில் விழுந்துவிடும் நாய்கள்தான் எங்கள் மேசைக்கு அதிகம் வருகின்றன.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குட்டியோடு முதன்முறை வருபவரிடம், அது யாருடைய பிறந்தநாள் பரிசு என்று கேட்க மாட்டேன். உரிமத்தை யார் பெயரில் எழுதுவது என்று கேட்பேன். குடும்பமாக வந்திருந்தால் அங்கேயே சின்னப் பட்டிமன்றம் நடக்கும். நாய் வேண்டும் என்று அழுதது மகன். பணம் கொடுத்தது அப்பா. மழையிலும் காலை ஆறு மணிக்குப் பையோடு கீழே இறங்கி அள்ளப்போவது அம்மா. பெயர் கொடுக்கச் சொன்னால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அம்மாவின் பெயரை எழுதுங்கள் என்று அப்பா சொன்னால், அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன்.

பழைய வாடிக்கையாளர்களிடம் கேட்பது வேறு. பில்லைக் கொடுப்பதற்கு முன், “கைத்தொலைபேசி எண் மாறியிருக்கிறதா?” சிலருக்குச் சலிப்பாக இருக்கும். “வங்கியில் கேட்கிறார்கள், பள்ளியில் கேட்கிறார்கள், நீயுமா தங்கச்சி?” என்று போன வாரம்கூட ஓர் அம்மா கடிந்துகொண்டார். சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். தீபாவளிக்கு முன்பே எண்ணை மாற்றியிருந்தாராம். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக அவரையே உள்ளே நுழையச் சொல்லி, பதிவைத் திருத்த உதவினேன். அடுத்தவருடைய நாய் அதற்குள் எடைபார்க்கும் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.