நாட்பட்ட சோர்வு நோய்: நாடியைப் பார்த்து நாளை ஓட்டுவது

சி.எஃப்.எஸ். எனப்படும் நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர் இன்று கடைக்குப் போய்வந்தால், மாலைவரை பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பார். 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டினாற்போல இருக்கும், காய்ச்சல் அடிக்கப்போவதுபோல உடம்பெல்லாம் வலிக்கும், பேச வந்த வார்த்தை நாக்கில் வராது. நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும் இந்தச் சரிவுதான் நோயின் அடையாளம். மறுபடி வைரஸ் காய்ச்சல் வந்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குபவர்கள் நிறையப் பேர். நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. சரிவு வராமல் நாளை ஓட்டுவதுதான் முதல் சிகிச்சை, மாத்திரைகள் எல்லாம் அதற்குத் துணை.

இந்த நோய்தான் என்று உறுதிசெய்ய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) 2015-இல் ஓர் அளவுகோல் வகுத்தது. ஆறு மாதத்துக்கு மேலாக, முன்பு செய்த வேலைகளைச் செய்யவிடாத சோர்வு இருக்க வேண்டும். உழைப்புக்குப் பிந்தைய சரிவும், எவ்வளவு தூங்கினாலும் தெளியாத உடம்பும் இருக்க வேண்டும். இவற்றோடு மூளை மந்தமோ, எழுந்து நின்றால் மோசமாவதோ, இரண்டில் ஒன்றாவது வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி மூன்று மாதத்திலேயே உறுதிசெய்யலாம். நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற காரணங்களை விலக்குவதற்குத்தான் பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு, எச்பிஏ1சி (சர்க்கரை), இஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் அழற்சிக்கு), கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், சிகே (தசைச் சேதம்), சீலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்). நம் ஊரில் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைமட்டத்தில் கிடக்கலாம், அதனால் அதைத் தனியாகக் கேட்டு எடுங்கள். பி12 ஊசி போட்ட பிறகு பார்க்கும் அளவு ஏமாற்றும். போடும் முன்பே ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாம் நார்மல் என்று வந்தபின் பலரும் விட்டுவிடும் ஒரு சோதனை உண்டு. செலவே இல்லாதது. காலையில், காபிக்கு முன், 10 நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பையும் பிபியையும் குறித்துக்கொள்ளவும். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க, தோள்பட்டையை மட்டும் சுவரில் சாய்த்து 10 நிமிடம் அசையாமல் நிற்கவும். பக்கத்தில் ஒருவர் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் எழுத வேண்டும். பிபி விழாமல் நாடி மட்டும், படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் 'பாட்ஸ்' என்ற கோளாறைச் சந்தேகிக்கலாம். 12 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது 40. மேல் பிபி 20-ஓ கீழ் பிபி 10-ஓ இறங்கினால் அது வேறு பிரச்சினை, அதற்கும் வைத்தியம் உண்டு. நிற்கும்போது பேசவோ காலை மாற்றி மாற்றி ஊன்றவோ கூடாது. கெண்டைக்கால் தசை இயங்கினால் ரத்தத்தை மேலே தள்ளிவிடும், சோதனை பொய்யாகும். மயக்கம் வருவதுபோல இருந்தால் உடனே நிறுத்திப் படுக்க வேண்டும். இந்தச் சோதனையே சிலருக்குச் சரிவைக் கொண்டுவரும் என்பதால் அடுத்த இரண்டு நாட்களுக்கு வேறு வேலை வைக்காதீர்கள்.

பாட்ஸ் என்று தெரிந்தால் மனசு விடாதீர்கள். இந்த நோயில் கொஞ்சமாவது மாற்றிக்காட்டக்கூடிய பகுதி இதுதான். ரத்தக்கொதிப்பு, இதய, சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் நீரும், மொத்தம் 10 கிராம்வரை உப்பும் டாக்டர் சொல்வார். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே இரண்டு தம்ளர் நீர் குடித்துவிடுங்கள். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முழங்காலோடு நிற்கும் அழுத்தக் காலுறையால் பெரிய பயன் இல்லை, வயிற்றையும் சேர்த்துப் பிடிப்பதே உதவும். வெயில் காலத்தில் அது தாங்காது என்பவர்கள் வயிற்றுக் கட்டு மட்டும் போடலாம். இவை போதாதபோதுதான் ப்ராப்ரனலால், இவாபிரடின், மிடோட்ரின் போன்ற மருந்துகள்.

இனி நாடிக் கணக்கு. ஏழு நாட்கள் காலையில் விழித்ததும் படுத்தபடியே நாடியை எடுத்துச் சராசரி பாருங்கள். அதோடு 15 கூட்டினால் வருவது உங்கள் வரம்பு. சராசரி 72 என்றால் வரம்பு 87. கைக்கடிகாரத்தில் அந்த எண்ணுக்கு அலாரம் வைத்து, அடித்தவுடன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார வேண்டும், முடிந்தால் படுக்க வேண்டும். 'இந்த இரண்டு பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு' என்ற நினைப்பில்தான் பல சரிவுகள் தொடங்குகின்றன. கை ஈரமாக இருந்தால் கடிகாரம் தப்பாகக் காட்டும். மார்புப் பட்டை நம்பகமானது. ப்ராப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் (நாடியைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏறாமலே உடம்பு தீர்ந்துபோகும், ஆகவே அவர்கள் நேரத்தை வைத்து நிறுத்த வேண்டும். எழுந்து நின்றாலே வரம்பைத் தாண்டுகிறதா? முதலில் மேலே சொன்ன நிற்கும் பிரச்சினையைக் கவனியுங்கள். காலை நாடி வழக்கத்தைவிட 8, 10 கூடியிருந்தால் அன்றைய வேலைகளைப் பாதியாக்குங்கள்.

அலாரத்தை அடிக்கடி அடிக்கவைக்கும் வேலைகள் சில உண்டு. துணி காயப்போடுவது, தலைசீவுவது, தேங்காய் துருவுவது எல்லாம் கையை உயர்த்தியோ விடாமலோ செய்பவை. கொடியைத் தோளுக்குக் கீழே இறக்கிக் கட்டலாம். வெந்நீர் ரத்தக்குழாய்களை விரிப்பதால், குளிக்கும்போது நாடி எகிறும். வெதுவெதுப்பான நீரும் பிளாஸ்டிக் ஸ்டூலும் போதும். தலைக்கு ஊற்றும் நாளில் வேறு எதுவும் வேண்டாம். தோசைக்கல் முன்னால் நிற்பதற்குப் பதில் ஸ்டூலில் உட்கார்ந்து சமைக்கலாம். ஃபோனில் பேசுவதும் மாதக் கணக்குப் போடுவதும் உழைப்புதான். நாடி காட்டாவிட்டாலும் அவை சரிவைக் கொண்டுவரும்.

'கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டு, சரியாகிவிடும்' என்று வீட்டில் அன்போடுதான் சொல்வார்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2007-இல் பரிந்துரைத்த அதே நைஸ், 2021-இல் அதைச் செய்யக் கூடாது என்று மாற்றிக்கொண்டது. அந்த வரியைக் காட்டுங்கள்.

மருந்துகளை மற்றவர்கள் எடுக்கும் அளவில் தொடங்கினால் பலருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. தூக்கத்துக்கும் வலிக்கும் அமிட்ரிப்டிலின் 5 அல்லது 10 மி.கி. போதும், ஆனால் அது நாடியை ஏற்றும் என்பதால் பாட்ஸ் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன் சிலருக்கு உதவுகிறது. கடையில் கிடைப்பது 50 மி.கி. மாத்திரை, தேவைப்படுவதோ 0.5-இல் தொடங்கி 4.5 மி.கி. வரை. ஆகவே மருத்துவர் எழுதித்தர, அளவு பிரித்துத் தரும் மருந்தகத்தில் வாங்க வேண்டும். டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது.

டாக்டரிடம் போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் காய்ச்சலுக்குப் பின் தொடங்கியது, நின்றபோது எடுத்த நாடிக் கணக்கு, என்ன செய்தால் எத்தனை மணி நேரம் கழித்துச் சரிவு வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது. விடுப்புக்கோ காப்பீட்டுக்கோ சான்று கேட்டால் ஜி93.3 என்ற ஐசிடி-10 குறியீட்டைப் போடச் சொல்லலாம். ஓபி வரிசையில் நிற்க வேண்டாம், சக்கர நாற்காலி கேளுங்கள். நடக்க முடிகிறவருக்கு எதற்கு என்று முறைப்பார்கள், பரவாயில்லை.