நெல்லை வெயிலுக்கு 8×20 போதும்

சட்டைப் பைக்குள் அடங்கும் 8×20 பைனாகுலரை, நல்லது வாங்கும் வரை ஒப்பேற்றுகிற சாமான் என்றே பலரும் நினைக்கிறார்கள். பறவை பார்க்க 8×42 தான் வேண்டும், மற்றதெல்லாம் பொம்மை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. வானம் பாதி நாள் மூடிக் கிடக்கிற குளிர்நாடுகளுக்கு அது சரியான பேச்சு. தை மாதம் காலை எட்டு மணிக்கு, நெல்லைப் பக்கத்துப் பறவைக் குளமான கூந்தன்குளத்துக் கரையில் நிற்கிறவருடைய கணக்கு வேறு.

பைனாகுலரில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது பெருக்கம். இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண் பக்கமாக வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 8×20-க்கு 2.5 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்பாவை 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும். 5.25 மி.மீ. அகலத்துக்கு ஒளி வந்தாலும் பாவைக்குள் நுழைகிற அளவுதான் நுழையும். மிச்சம் வெளியே விழுந்து வீணாகும். பாவை 2.5 மி.மீ. திறந்திருந்தால், அந்த 42 மி.மீ. லென்ஸின் நடுவிலுள்ள 20 மி.மீ. மட்டுமே வேலை செய்கிறது என்று பொருள். முக்கால் கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கால் கிலோவுக்கும் குறைவான கருவி தருகிற வெளிச்சத்தைத்தான் பார்க்கிறோம்.

பெரிய கருவிக்கு வேறொரு வசதி உண்டு. ஒளிவட்டம் அகலமாக இருப்பதால் கண் கொஞ்சம் அப்படி இப்படி விலகினாலும் படம் அணையாது. சின்னதில் அணையும். அதற்குப் பழக வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

சின்னக் கருவி செய்தவர்கள் பலரும் இந்த 2.5-லேயே வந்து நின்றிருக்கிறார்கள். ஜப்பானின் நிப்பான் கோகாகு (இன்றைய நிக்கான்) 1921-ல் தொடங்கிய மைக்ரான் வரிசையில் வந்த 6×15 ஆகட்டும், ஜெர்மனியின் லைட்ஸ், ஸைஸ் கம்பெனிகளின் மடக்கு 8×20 ஆகட்டும், பின்னால் வந்த எத்தனையோ 10×25 ஆகட்டும், வகுத்துப் பாருங்கள், அதே 2.5 தான். பகல் வெளிச்சத்துக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த கருவிகள் இவை. நம் ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே கிடையாது. 8×20, 10×25 இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் 8-ஐயே எடுங்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் சுருங்கும்.

பழைய கருவிகளில் மூன்று குடும்பங்கள் கண்ணில் படும். முதலாவது இரட்டைக் கீல் வைத்த மடக்கு 8×20. உள்ளே கூரைப் பிரிசம் (பிரிசம் என்பது தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டி; இந்த வகையில் குழாய் நேராக இருக்கும்). மடக்கினால் சிகரெட் பெட்டி அளவு. 1988-ல்தான் ஸைஸ் கூரைப் பிரிசத்துக்கு ஃபேஸ் கோட்டிங் (படத்தின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) கொண்டுவந்தது. அதற்கு முன்னால் செய்தவற்றில் படம் தெளிவாக இருந்தாலும் லேசாகச் சோகை பிடித்த மாதிரி இருக்கும், கறுப்பு முழுக் கறுப்பாக இறங்காது. இரண்டாவது, முன் லென்ஸ்கள் கண் லென்ஸ்களை விட நெருங்கி நிற்கும் தலைகீழ் போரோ 8×25 (போரோ என்பது குழாயைப் படிபோல விலக்கி வைக்கும் இன்னொரு வகைப் பிரிசம்). போரோ பிரிசத்துக்கு ஃபேஸ் கோட்டிங்கும் தேவையில்லை, உள்ளே கண்ணாடிப் பூச்சும் தேவையில்லை. ஒளி முழு எதிரொளிப்பிலேயே திரும்பிவிடும். ஆகவே குறைந்த காசுக்குக் கூரைப் பிரிசக் கருவியை விடத் தலைகீழ் போரோ நல்ல படம் காட்டும். கையில் காசு கம்மி என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். இந்த வகையில் பென்டாக்ஸ் பாப்பிலியோ அரை மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். தட்டானும் பட்டாம்பூச்சியும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அது பொக்கிஷம்.

மூன்றாவது, தோளகலம் கொண்ட பழைய போரோ 8×30. ஸைஸ் யேனாவின் டெல்ட்ரின்டெம் 1920 முதல் வந்த கருவி. 1,000 மீட்டர் தூரத்தில் 150 மீட்டர் அகலம் காட்டும். சட்டைப் பையில் போகாது, துணிப்பையில் போகும். முன் லென்ஸ்கள் அகன்று நிற்பதால் ஆழம் அருமையாகத் தெரியும். சம்புக்குப் பின்னால் நாமக்கோழி எத்தனை அடி உள்ளே நிற்கிறது என்பதைத் தொட்டுவிடலாம் போலக் காட்டும். இந்த ஒரு சுகத்துக்காகவே இதை வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

திருவிழாக் கடையிலும் இணையத்திலும் விற்கும் '30×60' மடக்குக் கருவியை மட்டும் வாங்காதீர்கள். முன் லென்ஸில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், இருபது மி.மீ. சொச்சம்தான் இருக்கும். பெருக்கமும் எட்டை ஒட்டித்தான். லென்ஸ் மாணிக்கம் மாதிரி சிவப்பாக மின்னினால் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். படம் பச்சையோ நீலமோ பாய்ந்து தெரியும். மஞ்சள் மூக்கு நாரையின் சிறகிலுள்ள ரோஜா நிறம் அதில் செத்துப்போகும்.

பழையது வாங்கும்போது கையோடு ஒரு டார்ச் வேண்டும். முன் லென்ஸ் வழியாக டார்ச்சை அடித்து, கண் பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. ஓரத்தில் மட்டும் என்றால் சுத்தம் செய்யலாம்; நடுவில் படர்ந்து கோட்டிங்கைத் தின்றிருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. புகை படிந்த மாதிரி இருந்தால், கிரீஸ் ஆவியாகி லென்ஸில் படிந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் உண்டு. அடுத்து, விளக்கு லென்ஸில் பட்டுத் திரும்பும் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகவே திரும்பினால் கோட்டிங் இல்லாத கண்ணாடி. ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி போகும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நீலமோ ஊதாவோ என்றால் ஒற்றைக் கோட்டிங். பச்சை, ஊதா என்று பல நிறம் கலந்து வந்தால் பல அடுக்கு.

இதையெல்லாம் விட முக்கியம், இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. தூரத்து மின்கம்பியையோ வீட்டு மொட்டைமாடி விளிம்பையோ பார்த்துக்கொண்டு, கருவியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளிப் பிடியுங்கள். இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால் வாங்காதீர்கள். பக்கவாட்டு விலகலைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மேல்கீழ் விலகலைப் பொறுக்காது. கால் மணி நேரத்தில் புருவத்துக்கு மேல் வலி பிடிக்கும். பறவை பார்த்தாலே தலைவலி வருகிறது என்று சொல்கிறவர்களில் பலருக்குக் காரணம் வெயில் அல்ல, கீழே விழுந்து அச்சு கோணிய கருவிதான்.

கருவி கைக்கு வந்ததும் கண்ணுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள பலகை ஏதாவது போதும். வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை மூடக் கூடாது. ஒரு கண்ணை இறுக்கினால் மற்றதும் சேர்ந்து இறுகி அளவு தப்பும். நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண் லென்ஸிலுள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்புங்கள். பழைய கருவிகளில் அந்த வளையம் தளர்ந்து தானாக நகரும். சரியான இடத்தில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரட்டைக் கீல் கருவியில் இரண்டு பக்கமும் தன்னிஷ்டத்துக்கு மடங்குவதால், கண் இடைவெளி ஒவ்வொரு தடவையும் மாறிப்போகும். ஒரு பக்கக் கீலை முழுசாக விரித்துவிட்டு, மறுபக்கத்தை மட்டும் நகர்த்தி இரண்டு வட்டங்களையும் ஒன்றாக்குங்கள். இரண்டு நாளில் கைக்குப் படிந்துவிடும். படம் அணைந்து அணைந்து வருகிறதென்றால், கண் குவளையைக் கண்குழிக்குள் அழுத்தாமல் புருவ எலும்பில் சாய்த்து வைத்து, மெல்லக் கீழ்நோக்கிச் சாயுங்கள். ஒரு கட்டத்தில் முழு வட்டமும் திறந்து நிற்கும். அந்த இடம் முகத்துக்கு முகம் மாறும். கண்ணாடி போடுகிறவர்கள் ரப்பர் குவளையை மடித்துக்கொள்ள வேண்டும். பழைய 8×30-களில் கண் லென்ஸுக்கு ரொம்ப நெருங்கினால்தான் முழுப் பரப்பும் தெரியும், கண்ணாடியோடு நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும். வாங்குமுன் உங்கள் கண்ணாடியோடு பார்த்துவிடுங்கள்.

எடை குறைந்த கருவி கூடுதலாக ஆடும். முழங்கையை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல்களைக் கன்னத்தில் முட்டுக் கொடுங்கள். தொப்பி போட்டிருந்தால் ஆள்காட்டி விரல்களால் அதன் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கலாம். குளத்துக்கரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றினால் பாதி ஆட்டம் போய்விடும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்று கையோடு சேர்த்து ஆளையே தள்ளும். அப்போது பனைமரத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. பறவையைத் தேட முதலில் வெறும் கண். கண்ட இடத்திலிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். தலையைக் குனிந்து கருவியைப் பார்த்தால் பறவையைத் தொலைத்துவிடுவீர்கள். சக்கரத்தை முப்பது மீட்டருக்கு வைத்தே பையில் போடுங்கள். எடுத்ததும் பாதி வேலை முடிந்திருக்கும்.

இந்தச் சின்னக் கருவிக்கென்றே அமைந்த மாதிரி இடங்கள் நம் பக்கம் நிறைய. கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. இருபது மீட்டரில் இருக்கும் கூட்டை எட்டு மடங்கு பெருக்கினால் இரண்டரை மீட்டரில் நிற்பது போல. தாய் தன் அலகிலிருந்து குஞ்சுகள் மேல் தண்ணீர் வடியவிடுவது துளித்துளியாகத் தெரியும். குளத்தின் நடுவில் 300 மீட்டர் தள்ளி இறங்கும் வரித்தலை வாத்தின் பின்மண்டையிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டைகளையும், சூரியன் நம் முதுகுப்பக்கம் இருந்தால் எண்ணிவிடலாம். செம்மணல் மேடான தேரிக்காட்டில் வடலிகளுக்கு இடையே பறக்கும் பனங்காடையின் இறக்கை நீலத்தைப் பார்க்க இதைவிடப் பெரிய கருவி எதற்கு? 2011 முதல் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் குளம் குளமாக அலைகிறவர்கள், மூன்றாவது குளத்திலேயே கழுத்தில் தொங்கும் எடையை உணர்ந்துவிடுவார்கள்.

எங்கே போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியபின் கண்பாவை விரியும், அப்போது 2.5 மி.மீ. வட்டம் அதற்குக் காணாது. முண்டந்துறையின் அடர்நிழலிலும் மாஞ்சோலைப் பக்கம் மேகம் இறங்கிய காட்டிலும் அதே கதைதான். அங்கே 8×30-ஐ எடுத்துப் போங்கள். வாத்தின் கழுத்து வளையத்தில் உள்ள எழுத்தைப் படிக்கவோ, தூரத்து உள்ளான்களைப் பிரித்தறியவோ வேண்டுமென்றால் முக்காலியில் நிற்கும் ஸ்கோப் (ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி) தான். பதினோரு மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் எந்தக் கருவியும் உதவாது.

பராமரிப்பில் நம் ஊர் எதிரிகள் இரண்டு: தேரி மணலும் மலை ஈரமும். தேரியின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். உள்ளே இருப்பது குவார்ட்ஸ், லென்ஸ் கண்ணாடியை விடக் கடினமானது. வேட்டி நுனியாலோ துண்டாலோ ஒரு தடவை துடைத்தால் போதும், கோடு விழுந்துவிடும். முதலில் ஊது குமிழால் ஊதுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, கடைசியாகத்தான் லென்ஸ் தாள், அதுவும் ஒரு சொட்டு லென்ஸ் திரவத்தோடு. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் லென்ஸில் நீர் பூத்தால் துடைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், தானே போகும்.

அழகான தோல் உறையில்தான் பூஞ்சை வளர்கிறது. உறையை அலமாரியில் வைத்துவிட்டு, கருவியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டன. 120 டிகிரி ஓவனில் நிறம் திரும்பும் வரை வைத்து எடுக்கலாம். அரிசிக்குள் புதைக்கிற வேலை வேண்டாம், மாவுத் தூசி சக்கரத்துக்குள் போய்விடும். பங்குனி, சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டிலோ பைக் பெட்டியிலோ விட்டுவிடாதீர்கள். கிரீஸ் உருகி லென்ஸில் படியும். பழைய லென்ஸ்களை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசினும் இளகி விலகும்.

ஈரம் புகாமல் உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடுகிற காப்பு எதுவும் இந்தப் பழைய கருவிகளுக்குக் கிடையாது. மழை உள்ளே போய்விட்டால், சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டியதுதான். வீட்டில் தொடலாம் என்றால் கண் குவளை வரை தொடலாம். கிழிந்த குவளைக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் நன்றாகவே பொருந்தும். உடம்பில் தெரியும் சின்னச் சின்ன ஆணிகளில் சில பிரிசத்தின் சாய்வைப் பிடித்திருப்பவை. கால் சுற்று திருப்பினாலே இரண்டு குழாயும் இரண்டு திசை பார்க்கும். அதைத் திரும்ப நேராக்க அச்சு பார்க்கும் கருவி வேண்டும், அது உள்ள ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.