முக்கோணமும் பெயரும்

பழைய செக் நாளிதழ் ஒன்றின் பக்கப் படங்களிலிருந்து மென்பொருள் படித்தெடுத்த உரையைத் திருத்துவது என் வேலை. திருத்திய தொகுதியை ஒப்படைக்கும் முன் மேற்பார்வையாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எதையாவது நீக்கினீர்களா?" "அச்சுக் கறைகளைத் தவிர வேறு எதையும் நீக்கவில்லை" என்றேன். மனமறிந்து நான் பொய் சொல்லவில்லை. ஆனால் இன்றுவரை என் மனம் அந்தப் பதிலிடமே திரும்பத் திரும்பப் போகிறது.

நாரோத்னி லிஸ்தி, 1861 முதல் பிராகிலிருந்து வெளிவந்த செக் நாளிதழ். அதன் பக்கத்தில் ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே வியன்னா நாடாளுமன்றம், தேர்தல், மொழி உரிமைச் சண்டை. கோட்டுக்குக் கீழே ஃபெயெட்டோன் என்னும் இலகுநடைப் பத்திக் கட்டுரை. செக் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய நான் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேதான் தேடினேன். மெத்தையிலிருந்து எடுத்த பழைய வைக்கோலை நகரத்தில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒருவர் அல்லாடுவதைச் சொல்லும் பத்தி அங்கேதான் வந்தது. 'எங்கே கொண்டுபோய்ப் போடுவது?' என்ற அதன் கேள்வி செக் மொழியில் இன்றும் வழக்கில் இருக்கிறது. 1890இல் பிராகின் தொழிலாளர்கள் முதன்முறையாக மே தின ஊர்வலம் போனதைப் பற்றிய பத்தியும் அங்கேதான் வந்தது.

இரண்டையும் எழுதியவர் யான் நெருடா. 1865 முதல் 1891இல் இறக்கும்வரை அந்த இதழில் பணிபுரிந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள் எழுதியவர். பத்தியின் முடிவில் அவர் பெயர் இருக்காது. ஒரு சிறிய முக்கோணம் இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அதை ஓரிடத்தில் 'A' என்ற எழுத்தாகவும், ஓரிடத்தில் 4 என்ற எண்ணாகவும், பல இடங்களில் சிதறிய புள்ளிகளாகவும் படித்திருந்தது. பத்தியின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு பொருளின்றி நின்ற அவற்றையெல்லாம் நான் நாள்தோறும் கவனமாக அழித்துக்கொண்டிருந்தேன். சோம்பலால் நேர்ந்த பிழையாக இருந்திருந்தால் மனம் இவ்வளவு உறுத்தியிருக்காது.

உண்மை தெரிந்ததும் நானே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். பக்கப் படங்கள் பத்திரமாக இருந்ததால் முக்கோணங்களைக் கையால் திரும்பச் சேர்க்க முடிந்தது. அதன்பின் எழுந்த பேச்சுதான் எங்களுக்குள் முடியாமலே நின்றுவிட்டது. ஆசிரியர் பெயருக்கான இடத்தில் 'யான் நெருடா' என்று எழுத வேண்டும் என்றேன். "அவர் போடாத பெயரை நாம் போடலாமா?" என்று கேட்டார். "பிராகில் அன்று எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றேன். "தெரிந்தவர்களுக்காகத்தான் அவர் முக்கோணம் போட்டார்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையே இருந்த ஒரு நெருக்கத்தின் அடையாளம் அது. பெயரைப் போட்ட மாத்திரத்தில் அந்த நெருக்கம் ஒரு நூலகப் பதிவாகச் சுருங்கிவிடுகிறது. ஆயினும், நெருடா என்று தேடி வரும் மாணவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போவதை நேர்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1876இல் தம் பத்திகளை நூலாகத் தொகுக்கத் தொடங்கியபோது அவரே தம் பெயரைப் போட்டுக்கொண்டாரே என்றும் வாதிட்டேன். நூலில் சேர்க்காமல் விட்டவற்றுக்கு அந்த வாதம் பொருந்தாது என்பது பேசும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

இறுதியில் மேற்பார்வையாளர் முடிவை என்னிடமே விட்டார். முக்கோணத்தை உரையில் இருந்தபடியே வைத்து, பெயரைத் தனியிடத்தில் பதிந்தேன். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. பைண்டிங்கின்போது அதன் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, பத்தியின் கடைசி வரி பாதி எழுத்துகளோடு நின்றது; அதற்குக் கீழே முக்கோணம் இருந்ததா, வேறு குறி இருந்ததா, எதுவுமே இல்லையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பல மாதம் நெருடாவின் எழுத்திலேயே ஊறியிருந்த எனக்கு அந்த வாக்கியங்களின் நடை அவருடையதாகவே ஒலித்தது. பெயரைப் பதிந்தேன். அந்தப் பக்கத்தைப் பற்றி மேற்பார்வையாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.