முழுசும் அசல் இல்லை

"முழுசும் அசல் இல்லம்மா."

நான் சொன்னது இவ்வளவுதான். அன்றிலிருந்து இதை மனதுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவை சொன்னால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று படுகிறது. மறுபடி சொன்னால் வேறு அர்த்தம் வருகிறது. சில பாகங்கள் பிற்காலத்தவை என்று நான் நினைத்துச் சொன்னேன். எதுவுமே அசல் இல்லை என்று பேனாவைக் கொண்டுவந்த பெண்மணி எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் இதே வாக்கியம் பொருந்திவிடுகிறது. பத்துப் பதினைந்து வருடமாகப் பேனாவைப் பார்த்து மதிப்புச் சொல்கிறேன். அந்த வாக்கியத்தைப் பல பேரிடம் சொல்லியிருப்பேன். அன்றுதான் அது உறைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அன்றைக்கும் உறைக்கவில்லை.

அவர் கொண்டுவந்தது மான்ட்பிளாங்க் நிறுவனத்தின் மைஸ்டர்ஷ்டுக் 149 என்ற விலை உயர்ந்த மைப் பேனா. அப்பாவுடையது என்றார். 1979இல் வேலை பார்த்த இடத்தில் பரிசாகக் கொடுத்தார்களாம். கடைசி வரைக்கும் அதில்தான் எழுதினாராம். விற்க வந்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. "பாத்துச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மடித்த கைக்குட்டையை மேசையில் பிரித்தார்.

இந்தப் பேனாவை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்கிறது. மூடி உச்சியில் வெள்ளை நட்சத்திரம் இருக்க வேண்டும், நிப்பில் 4810 என்று மான்ட்பிளாங்க் சிகரத்தின் உயரம் இருக்க வேண்டும், கிளிப் வளையத்தில் எண் இருக்க வேண்டும், கையில் எடுத்தால் கனக்க வேண்டும். சிகரத்தின் உயரத்தைப் போலி செய்கிறவனும் மறக்காமல் பொறித்துவிடுகிறான். வளையத்து எண்ணையும் பொறிக்கிறான், ஆனால் நூறு பேனாவில் ஒரே எண்ணைப் பொறிக்கிறான். எண் இருந்தாலே அசல் என்று நம்புவது ஒரு தப்பு. எண் இல்லாவிட்டால் போலி என்பது அதைவிடப் பெரிய தப்பு. 149 வந்தது 1952இல். எண் போடும் வழக்கம் வந்ததோ 90களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய நாற்பது வருடப் பேனாக்களில் வளையத்தில் எண் இருக்காது.

கனமும் அப்படித்தான். 80களின் நடுப்பகுதியிலிருந்து 149இன் உள்ளே மையை உறிஞ்சும் பிஸ்டன் பொறியைப் பித்தளையில் செய்தார்கள். பின்பக்கம் கனப்பது அதனால்தான். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் அது பிளாஸ்டிக். அந்தக் காலத்துப் பேனா கையில் லேசாகத்தான் இருக்கும். லேசாக இருக்கிறது என்பதற்காகவே நல்ல பேனாவைப் போலி என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

நான் முதலில் நிப்பைப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றி, பலமான விளக்குக்கு நேரே உடலைப் பிடிப்பேன். பார்வைக்குக் கன்னங்கரேலென்று இருக்கும் அந்த ரெசின், அதாவது உடலைச் செய்த பிளாஸ்டிக், ஒளி ஊடுருவும்போது ஆழ்ந்த சிவப்பாகத் தெரியும். நல்ல மாதுளை முத்தின் நிறம். அவருடைய பேனாவில் அது தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. பார்த்து முடிக்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், நானும் பிறருக்கு அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.

அடுத்து நாக்கு. நிப்புக்கு அடியில் மையை இழுத்துவரும் பாகம், ஃபீட் என்போம். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எபொனைட் என்ற கெட்டி ரப்பர் நாக்கு மங்கலாக, கருவியால் கடைந்த கோடுகளோடு இருக்கும். பிளாஸ்டிக் நாக்கு பளபளக்கும். 149இல் எபொனைட் சுமார் 1990 வரைதான். இவருடையது எபொனைட். நிப்பில் 585, அதாவது 14 காரட். பேனா லேசாகவும் இருந்தது, பிளாஸ்டிக் பிஸ்டன். 1979 என்று அவர் சொன்னதற்கு எல்லாம் ஒத்துவந்தது.

பிறகு மூடியை எடுத்தேன். வளையத்தில் எண் இருந்தது. கிளிப்பின் அடியில், லென்ஸ் வைத்தால்தான் படிக்க முடியும் அளவில், பிக்ஸ் என்ற சொல். அது ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தின் தள்ளு பென்சிலுக்கு வைத்த பெயர். கிளிப்புக்கு அடியில் அது வந்தது 90களின் பிற்பாதியில். 1979இல் கொடுத்த பேனாவின் மூடியில் அந்தச் சொல் இருக்க வழியே இல்லை.

அப்போதுதான் அவர் கேட்டார். "அசலா போலியா சார்? ஒரு வார்த்தைல சொல்லிடுங்க, போதும்."

நான் சொன்னது முதல் வரியில் இருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அப்பாவ ஏமாத்திட்டாங்களா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. பேனாவப் பத்தி மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்."

இந்தப் பதிலைத்தான் நான் வெகுநாள் எனக்குச் சாதகமாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு காலத்துப் பாகங்கள் சேர்ந்த பேனாவுக்குச் சேகரிப்பவர்கள் ஃபிராங்கன்பென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உடைந்த நாலு பேனாவிலிருந்து ஒன்றைத் தேற்றி முழு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கிவந்து அப்பாவின் பேனா என்று கொண்டுவருபவர்களும் இருக்கிறார்கள். கண்ணீரோடு வருபவர் உண்மை சொல்கிறார் என்று நான் நம்ப ஆரம்பித்தால், அடுத்து அந்தப் பேனாவை என் சொல்லை நம்பி வாங்குபவருக்கு யார் பதில் சொல்வது? கதைக்கு மதிப்பு போடக் கூடாது, பொருளுக்குத்தான் போட வேண்டும். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் அன்று நான் சொல்லவில்லை. தினமும் எழுதும் பேனாவில் முதலில் போவது மூடிதான். கீழே விழுந்து வாய்ப்பக்கம் விரிசல் விடும், இல்லை எங்காவது வைத்த இடம் மறந்துபோகும். பழுதுபார்க்கக் கொடுத்தால் அன்று கையிருப்பில் உள்ள மூடியைத்தான் போட்டுத் தருவார்கள். இருபது வருடம் கழித்துப் போட்ட மூடியில் இருபது வருடம் கழித்து வந்த எழுத்துத்தான் இருக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அப்பா ஏமாறவில்லை என்று நான் உறுதி கொடுத்ததாகவும் ஆகாது. இப்படியும் இருக்கலாம் என்பது மட்டும்தான். அதைக்கூட நான் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு வார்த்தை, நான் மூன்று வார்த்தை கொடுத்தேன் என்று அன்று மாலை வரைக்கும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பார்க்கர் 51 என்று ஒரு பேனா உண்டு, 1941இல் விற்பனைக்கு வந்தது. அதில் உடலும் மூடியும் ஒரே காலத்தவையாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்போம். மூடி மாறிய 51 என் மேசைக்கு வந்தால், "பேனா நல்ல பேனா, மூடி மட்டும் பின்னாடி போட்டது" என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். 149 என்றால் மட்டும் ஏன் என் வாய் இறுகிப்போகிறது? விலை அதிகம், போலி அதிகம், அதனால் எச்சரிக்கையும் அதிகம் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. விலை கூடக் கூட, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற பெயர் வந்துவிடக் கூடாதே என்று எனக்கும் பயம் கூடுகிறது. அந்தப் பயத்துக்கு நான் வைத்த பெயர்தான் எச்சரிக்கையோ என்னவோ.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நிப்பின் முனையில் இருக்கும் சிறிய குமிழ் தங்கம் அல்ல, தேயாத கடின உலோகக் கலவை. இரிடியம் என்போம், பல முனைகளில் இரிடியமே இருக்காது. தேயாது என்று சொன்னாலும் முப்பது வருடம் எழுதினால் அதுவும் தேயும். எழுதுகிறவர் பேனாவைச் சாய்க்கும் பக்கமாக, அவர் பிடிக்கும் கோணத்தில், ஒரு சிறு பட்டை விழும். அவருடைய பேனாவில் அந்தப் பட்டை அவ்வளவு தெளிவாக இருந்தது. முனையின் இடப்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக, ஒரே கோணம். இரண்டு மூன்று பேர் மாறிமாறி எழுதியிருந்தால் அப்படி வராது. பேனாவை இடப்பக்கம் கொஞ்சம் உருட்டிப் பிடித்து எழுதிய ஒரே கை அது. லென்ஸில் அதை நான் பார்த்தேன். பார்த்ததை மதிப்புச் சீட்டில், "நிப்பு: தேய்மானம் உண்டு" என்று எழுதினேன். விலையைக் குறைக்கும் குறையாக.

"உங்கப்பா பேனாவ இப்படி உருட்டிப் பிடிப்பாராம்மா?" என்று கேட்டிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால், அந்தப் பேனாவில் எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிக நல்ல சாட்சி அதுதான். எந்த எண்ணும் எந்த முத்திரையும் சொல்லாததை அது சொல்லியிருக்கும். ஆனால் அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள் என்றும் தோன்றுகிறது. ஏங்கி நிற்கும் ஒருவரிடம் பதிலை நானே எடுத்துக்கொடுத்துவிட்டு, அதைச் சாட்சி என்று சீட்டில் எழுத முடியாது. அப்படியானால் எதுவும் சொல்லாமல், ஒரு தாளையும் மையையும் கொடுத்து அப்பா எப்படி எழுதுவார் என்று காட்டச் சொல்லியிருக்கலாம். இந்த யோசனை எனக்கு வந்தது பதினொரு நாள் கழித்து.

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது. அவருடைய தம்பி. "அக்கா அந்தப் போலிப் பேனாவத் தூக்கி எங்கயோ போட்டுட்டா. நிப்பு தங்கம்தானே சார், அதுக்காவது ஏதாச்சும் தருவீங்களா?" என்று கேட்டார்.

போலி என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன், கொஞ்சம் குரலை உயர்த்தியே. பிறகு எல்லாவற்றையும் விளக்கினேன். உடல், நாக்கு, பிஸ்டன், மூடி, மூடி மட்டும் எப்படி மாறியிருக்கலாம் என்பது வரைக்கும். பத்து நிமிடம் இருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அசல்தானா சார்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "பெரும்பாலும்" என்றேன்.

"சரி, அக்காகிட்ட சொல்லித் தேடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். நிப்பின் இடப்பக்கத்துத் தேய்மானத்தைப் பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை.