சொந்த ரேஸ் பைக் இல்லாமல் கிரிட் வரை

ரேஸ் ஓட்ட வேண்டும் என்றால் வசதியான வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், அவருடைய அப்பாவே ராலி ஓட்டியவர். 2010-ல் போன சென்னை கருண் சந்தோக்கும் ரேஸ் குடும்பம்தான். நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவன், வீடு காஞ்சிபுரம், அப்பா தறி நெய்தவர். கார் ரேஸ் நமக்கு எட்டாது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. பைக்கில் ஒரு வழி இருக்கிறது. அதில் எப்படி நுழைந்தாய் என்று ஏரியாவில் நிறைய தம்பிகள் கேட்கிறார்கள், அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் டிராக்குக்குள் போனது ரைடராக இல்லை, மார்ஷலாக. இருங்காட்டுக்கோட்டை டிராக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது, 3.7 கிலோமீட்டர், 1990-லிருந்து ஓடுகிறது, அதற்கு முன்னால் எல்லாம் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். ரேஸ் நடக்கும் வார இறுதிகளில் ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு நிற்க ஆள் தேவைப்படும். எந்தக் கொடி எதற்கு என்று சொல்லிக்கொடுத்துத்தான் நிறுத்துவார்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, ஓவர்டேக் கூடாது, மஞ்சளில் சிவப்புப் பட்டை என்றால் ரோட்டில் எண்ணெயோ வழுக்கலோ இருக்கிறது, நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான ஆள் வருகிறான், சிவப்பு காட்டினால் ரேஸ் நிறுத்தம். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக அங்கே போய் வெயிலில் நின்ற நாட்களும் உண்டு.

அந்த மார்ஷல் போஸ்ட் எனக்குக் கொடுத்தது மாதிரி எந்தக் கோச்சிங்கும் கொடுத்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன். டிவியில் பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரி வளைவதாகத் தெரியும். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் கதையே வேறு. நல்ல ரைடர் வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலரேட்டரை விடும் சத்தம் ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரே இடத்தில் கேட்கும், தார் மேலே இருக்கும் ஒரு ஒட்டுப் போட்ட இடமோ, கெர்ப் (வளைவின் ஓரத் திட்டு) பெயின்ட் உதிர்ந்த இடமோ, அந்த அடையாளத்தைத் தாண்டாது. புதுப் பையன் ஒரு ரவுண்டில் அந்த இடத்துக்கு முன்னாலேயே பிரேக் பிடிப்பான், அடுத்த ரவுண்டில் அதைத் தாண்டிப் போய் அகலமாக மண்ணில் இறங்குவான். வேகம் என்பது தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே காரியத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் வேகம் என்று அங்கேதான் உறைத்தது. ஹைவேயில் முறுக்குவதை அன்றோடு விட்டேன். ஹைவேயில் முறுக்குகிறவனுக்கும் ரேஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

மார்ஷல் வேலையில் பழக்கமானவர்கள் மூலம் ஒரு சின்ன பிரைவேட் டீமுக்கு பிட்டில், அதாவது டிராக் ஓரம் பைக்கைத் தயார் செய்யும் இடத்தில், உதவப் போனேன். ஆயில் டிரெய்ன் போல்ட் கழன்றுவிடாமல் கம்பியால் கட்டி ஒயர் லாக் போடுவது, கண்ணாடி, ஹெட்லைட், ஸ்டாண்டு எல்லாம் கழற்றுவது, கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுவது (கூலன்ட் ரோட்டில் கொட்டினால் பின்னால் வருகிறவன் விழுவான்). ஸ்க்ரூட்டினியில், அதாவது ரேஸுக்கு முன் பைக்கையும் சூட்டையும் சோதிக்கும்போது, எதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அங்கேதான் கற்றேன். சம்பளம் கிடையாது, சாப்பாடும், டயர் சூடு ஆறும் முன் அதைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் உரிமையும் உண்டு.

அடுத்தது லைசென்ஸ். போட்டி லைசென்ஸ் தருவது எஃப்எம்எஸ்சிஐ, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு. புதிதாக வாங்குகிறவர்கள் அவர்கள் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் கோர்ஸ் முடித்த சான்றிதழ், டாக்டரிடம் மெடிக்கல் சான்றிதழ், ரத்த வகை எல்லாம் கொடுக்க வேண்டும். பதினெட்டு ஆகாதவர்களுக்கு வீட்டில் கையெழுத்து வேண்டும். கோர்ஸ் கட்டணம்தான் இதில் கனமானது. தீபாவளி போனஸை எடுத்து வைத்தேன், அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார்.

சூட் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். புது ஒன்-பீஸ் லெதர் சூட் என் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. ஓய்வெடுத்த ஒரு ரைடரிடம் பழையது ஒன்று வாங்கினேன், மாட்டுத்தோல், கனமான நல்ல சூட், ஆனால் ஆள் என்னைவிடப் பெரியவர். தொளதொள சூட் விழும்போது திரும்பிக்கொள்ளும், முழங்கை கார்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, அப்புறம் அது இருந்தும் பயனில்லை. பெரியமேட்டில் தோல் ஜாக்கெட் தைக்கும் ஒரு பாய் கடைக்குக் கொண்டுபோனேன். பாய் சூட்டைத் திருப்பிப் போட்டு தையலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஃபேஷன் ஜாக்கெட் இல்ல, ஒத்தைத் தையல் போட்டா நீ விழுந்த அன்னிக்கே பிரிஞ்சிடும்" என்றார். என்னை பைக் மேலே உட்காரும் மாதிரி ஸ்டூலில் குனியவைத்துத்தான் அளவே எடுத்தார். இடுப்பிலும் தொடையிலும் பிடித்து, உள்ளே ஒரு தையல், மேலே ஒரு தையல், தடித்த நைலான் நூல். ஸ்க்ரூட்டினியில் தோள் தையலை இழுத்துப் பார்த்தார்கள், பாஸ். ஹெல்மெட்டும் பேக் புரொடெக்டரும் மட்டும் பழையது வாங்கவே இல்லை. விழுந்த ஹெல்மெட் வெளியே பார்த்தால் தெரியாது, அதில் சிக்கனம் வேண்டாம்.

பைக்? ஒன் மேக் போட்டிகளில் நிறுவனமே ஒரே மாதிரி தயார் செய்த பைக்கைத் தரும், நாம் நுழைவுக் கட்டணமும் சூட், ஹெல்மெட் மாதிரி கியரும் பார்த்துக்கொண்டால் போதும். டிவிஎஸ் 1994-லேயே இதை ஆரம்பித்தது, நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நியாயமான கதவு இல்லை. ஆனால் செலக்‌ஷன் உண்டு, கொஞ்ச ரவுண்டுகள்தான் கிடைக்கும், நேரம் பார்த்து எடுப்பார்கள். முதல் வருடம் ஒரு செலக்‌ஷனில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கார்ட் டிராக்கில் பழைய நூறு சிசி பைக்கை வாடகைக்கு எடுத்து நண்பர்களோடு செலவைப் பங்கு போட்டு ஓட்டினேன். சின்ன பைக், சின்ன வளைவு, அதனால் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ தடவை வளையலாம், விழுந்தாலும் பெரிய அடி இல்லை. மதிய வெயிலில் ஓடினேன், ஏனென்றால் லெதர் சூட்டுக்குள் வெப்பம் அப்படித்தான் இருக்கும். தொடையால் டேங்கைக் கவ்விப் பிடிக்கத் தெரியாதவனுக்கு நாலாவது ரவுண்டில் கை மரத்துவிடும், அதற்குத் தனியாக உடற்பயிற்சி செய்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ், டிராக்கில் உப்புப் போட்ட மோர்.

அடுத்த வருடம் எடுத்தார்கள். முதல் ரேஸில் கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்க பைக்குகள் நிற்கும் வரிசைகளில், நடு வரிசையில் நின்று நடு வரிசையிலேயே முடித்தேன். செக்கர்ட் கொடி ஆட்டிய மார்ஷல் அண்ணன் என்னோடு வளைவில் நின்றவர், அவர் என்னைவிட அதிகமாகக் குதித்தார்.

ஸ்பான்சர் தேடி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததே அபூர்வம். வந்த இடத்திலும் எத்தனை ஃபாலோயர் என்றுதான் கேட்டார்கள். பணமாகக் கேட்பதை விட்டுவிட்டு பொருளாகக் கேட்டபோதுதான் கதவு திறந்தது: எங்கள் ஊர் ஜிம்மில் இலவசமாக விட்டார்கள், ஒரு டயர் கடைக்காரர் பழகுவதற்கான டயர் செலவை ஏற்றுக்கொண்டார், பதிலுக்கு அவர் கடைப் பெயர் என் சூட் முதுகில் இருக்கிறது. இந்த சீசனுக்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு பைக் வாங்கி பிரைவேட்டாக ஸ்டாக் கிளாஸில் (பைக்கைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் பிரிவு) இறங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம், சீசனில் யார் எந்தப் போட்டியை ஓட்டுவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.